500 கிராம் பெட்டியில் எடை ஏன் பிசகுகிறது: பலதலைத் தராசின் கோளாறுகள், அறிகுறி வாரியாக

திருகோணமலைக் கடற்கரையில் மீன் துண்டு பொதி செய்யும் கூடத்தில் எடை பிசகினால் முதலில் எழும் பேச்சு "லோட் செல் (எடையை மின்சமிக்ஞையாக மாற்றும் உணரி) போயிட்டுது" என்பதுதான். அநேகமாகப் போயிருக்காது. வாளிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு செதில் சிக்கியிருக்கும், ஈரத்தில் அட்டைப்பெட்டி கனத்திருக்கும், அல்லது ஜெனரேட்டர் 48 ஹேர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணம் முதலிலும் லோட் செல் கடைசியிலும் வருகின்றன.

எண்கள் எல்லாம் 10 தலைத் தராசு (துண்டுகளைப் பத்து வாளிகளில் தனித்தனியே நிறுத்து, சேர்த்தால் 500 வரும் வாளிகளை மட்டும் ஒன்றாகக் கொட்டும் பலதலைத் தராசு; ஒரு வாளியும் அதன் லோட் செல்லும் சேர்ந்தது ஒரு தலை), அதற்குப் பின் பெல்ட்டில் ஓடும் செக்வேயர் (கட்டிய பெட்டியை ஓடும்போதே நிறுத்து, பிசகியதைத் தள்ளும் தராசு), 60 முதல் 90 கிராம் வரையான உறைந்த அறுக்குளாத் துண்டு, 500 கிராம் பெட்டி என்ற அமைப்புக்கு உரியவை. பாரை, சூரைத் துண்டுக்கும் இதுவே பொருந்தும். மரவள்ளிச் சீவல், வாழைக்காய்ச் சீவல் ஓட்டுபவர்கள் பனிக்கட்டி பற்றிய பகுதிகளை விட்டுவிட்டு எண்ணெய்ப் பிசுக்கைக் கவனியுங்கள்.

## எதையும் தொடமுன்: 20 பெட்டி

அடுத்தடுத்து வரும் 20 பெட்டிகளை வந்த ஒழுங்கு குலையாமல் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று எண் எழுதுங்கள்: பலதலைத் தராசு காட்டியது, செக்வேயர் காட்டியது, பெட்டியைப் பிரித்து மீனை மட்டும் மேசைத் தராசில் வைத்தபோது வந்தது. மேசைத் தராசில் இந்த வருட முத்திரை இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் எழுதுவது வெறும் எண்தான்.

- ஒரு பெட்டி குறைந்து, அடுத்த பெட்டி ஏறத்தாழ அதே அளவு கூடினால்: அறிகுறி 2.
- எல்லாப் பெட்டியும் ஒரே பக்கம், ஒரே அளவில் விலகினால்: அறிகுறி 3.
- மூன்று எண்ணும் ஒத்துப்போகின்றன, ஆனால் எடை அதிகம் என்றால்: அறிகுறி 5.
- எந்த ஒழுங்கும் இல்லாமல் முன்பின்னாக அடித்தால்: அறிகுறி 1, பிறகு அறிகுறி 7.

## அறிகுறி 1: காலி வாளி பூச்சியத்தில் நிற்கவில்லை

கையால் ஓட்டும் திரைக்குப் போய், எல்லா வாளிகளையும் காலியாக்கி, பூச்சியம் கொடுத்து, 10 நிமிடம் எதையும் தொடாமல் பாருங்கள்.

### ஒரே ஒரு தலை மட்டும் நகர்கிறது

எடை வாளியைக் கழற்றி, அது கொளுவும் கொக்கிகளையும் பின்பக்கத்தையும் பாருங்கள். மீன் தோல், செதில், பனித்தூள் மூன்றும் தேடிப் போய் ஒட்டும் இடம் அதுதான். பனித்தூள் வாளிக்குள் மெல்ல ஏறினால் எண்ணும் ஒரே திசையில் ஏறிக்கொண்டே போகும். தானியங்கிப் பூச்சியம் அதை இடைக்கிடை அழித்துவிடுவதால் பிழை வெளியே தெரியாது. அதன் எல்லையைத் தாண்டிய பிறகே மெஷின் கத்தும்.

அடுத்து, வாளி பக்கத்து வாளியிலோ மேலுள்ள ஊட்டும் வாளியிலோ முட்டுகிறதா? ஒரு தாளை இடையில் விட்டுச் சுற்றிவர இழுங்கள். எங்கேயாவது தாள் பிடித்தால் அங்கே கொக்கி வளைந்திருக்கிறது. கழுவும்போது வாளியைச் சீமெந்துத் தரையில் போட்டால் இப்படி வரும்.

இரண்டும் சரியென்றால் வாளியை மாற்றிப் பாருங்கள். 4 ஆம் தலையின் வாளி 5 க்கு, 5 இன் வாளி 4 க்கு. மாற்றியதும் இரண்டுக்கும் பூச்சியம் கொடுங்கள்.

- பிழை வாளியோடு 5 க்குப் போனால்: வாளி, கொக்கி, கதவுச் சுருள்வில்.
- பிழை 4 இலேயே நின்றால்: மின்சாரத்தை நிறுத்தி, 4 இனதும் 5 இனதும் லோட் செல் இணைப்பிகளை மின்சுற்றுப் பலகையில் இடம் மாற்றுங்கள். பிழை 5 க்கு நகர்ந்தால் செல் அல்லது அதன் வயர். நகராவிட்டால் பலகை.

செல்தான் என்று வந்த பிறகும் முதலில் இணைப்பியைக் கழற்றிப் பாருங்கள். கடற்காற்றில் அதன் ஊசிகள் பச்சை பிடிக்கும். தொடுமுனை சுத்தம் செய்யும் தெளிப்பானால் துடைத்து, உலரவிட்டு, மறுபடி பாருங்கள். அதற்கும் சரிவரவில்லையென்றால் மல்டிமீற்றர். வழமையான 350 ஓம் செல்லில் மின்னூட்ட வயர்ச் சோடிக்கிடையே 380 முதல் 420 ஓம் வரையும், சமிக்ஞைச் சோடிக்கிடையே 350 ஓம் அளவிலும் காட்டும். வயர் நிறம் கொம்பனிக்குக் கொம்பனி மாறும். ஆகையால் நல்ல தலையின் செல்லையும் அளந்து ஒப்பிடுங்கள். இரண்டும் பத்து, இருபது ஓம் வித்தியாசப்பட்டால் செல்லை மாற்றத்தான் வேண்டும். 500 வோல்ட் மெகரை (காப்புத்தடை அளக்கும் கருவி) லோட் செல்லில் வைக்க வேண்டாம். நல்ல செல்லும் போய்விடும்.

### எல்லாத் தலைகளும் சேர்ந்து நகர்கின்றன

பத்து செல்களும் ஒரே காலையில் பழுதாகா. சூழலைத் தேடுங்கள்.

கழுவி எவ்வளவு நேரம்? சுடுதண்ணீர் பட்ட உலோகம் ஆறும்வரை எண் நகரும். கழுவி முடித்து, மெஷினுக்குக் கரண்ட் கொடுத்து, அரை மணித்தியாலம் விட்ட பிறகு பூச்சியம் கொடுங்கள். பிறஷர் வோஷரை லோட் செல்லின் றப்பர் உறைக்கு நேரே பிடிப்பது, செக்வேயரிலும் சரி பலதலையிலும் சரி, ஒரு செல்லைக் கொல்ல மிக விரைவான வழி.

காற்று எங்கிருந்து? ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது கூடம் வெக்கையாகி, யாரோ கடற்பக்கக் கதவைத் திறந்துவிடுவார்கள், அல்லது நிற்கும் காற்றாடியை இழுத்து வைப்பார்கள். காற்றாடியை நிறுத்துங்கள், குளிரறைக் கதவைச் சாத்துங்கள், ஏசி வாயைத் திருப்புங்கள். எண் நின்றால் கோளாறு முடிந்தது. ஆட்களை வெக்கையில் வாட்ட வேண்டியதில்லை. செக்வேயரின் எடைத் தட்டைச் சுற்றி அக்ரிலிக் மறைப்பு வைத்தாலே போதும்.

அதிர்வு? கொம்பிரசர், பனிக்கட்டி உடைக்கும் மெஷின், வெளியே பின்னால் எடுக்கும் லொறி. ஒவ்வொன்றாக நிறுத்தி எண்ணைப் பாருங்கள். மெஷினின் காலில் ஒன்று தரையில் படாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

அண்மையில் சட்டத்தில் வெல்டிங் நடந்ததா? வெல்டிங் பூமிக் கவ்வியைச் சட்டத்தின் தூரத்து மூலையில் மாட்டினால் மின்னோட்டம் லோட் செல் வழியாகவே ஓடித் திரும்பும். இதற்குச் சோதனை தேவையில்லை, நேரே ரெக்னீஷியனை அழையுங்கள்.

## அறிகுறி 2: ஒரு பெட்டி 430, அடுத்தது 570

தராசு இரண்டுக்கும் 500 என்றுதான் காட்டியிருக்கும். அது பொய் சொல்லவில்லை. முதல் பெட்டிக்குரிய துண்டொன்று வழியில் தங்கி, அடுத்த பெட்டிக்குள் விழுந்திருக்கிறது. 500 இலிருந்து உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒரு துண்டின் எடையாக, அதாவது 60 முதல் 90 வரை, இருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம்.

தங்கும் இடங்களை மேலிருந்து கீழாகப் பாருங்கள்: எடை வாளியின் கதவு விளிம்பு, சறுக்குத் தட்டு, சேகரிக்கும் புனல், நேர வாளி (வந்த துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து ஒரேயடியாகப் பெட்டிக்குள் விடும் வாளி), பெட்டி வாய்.

1. சறுக்குத் தட்டில் பனி படிந்திருந்தால் துடைத்து உலர்த்துங்கள். வழுவழுத் தகட்டில் ஈரத் துண்டு அப்படியே ஒட்டிக்கொள்ளும். புள்ளி புள்ளியாகப் புடைத்த தகடுதான் உறைந்த மீனுக்குத் தோது. வழுவழுத் தகடு போட்டு வந்த மெஷின் என்றால் சறுக்குத் தட்டுகளையாவது மாற்றிவிடுங்கள்.
2. வாளிக் கதவு முழுவதும் திறக்கிறதா? கையால் ஓட்டி, பக்கத்திலிருந்து பாருங்கள். ஒரு தலை மட்டும் தயங்கினால் கதவின் புஷ் (தண்டு சுழலும் வளையம்) தேய்ந்திருக்கிறது அல்லது சுருள்வில் இழுவை போயிருக்கிறது.
3. நேர வாளி திறக்கும் தாமதம். பெட்டி வாயிலிருந்து தூரத்தில் இருக்கும் தலைகளின் துண்டு பிந்தி வரும். தாமதத்தை 50 மில்லிசெக்கன் படி கூட்டி, ஒவ்வொரு படிக்கும் 20 பெட்டி ஓட்டிப் பாருங்கள். கூடவே வேகம் குறையும். அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.
4. துண்டின் மேற்பரப்பு. உறைவிப்பானில் இருந்து வந்து கூடத்தில் காத்திருந்த துண்டு ஈரமாகிறது, ஈரமானது ஒட்டுகிறது. ஊட்டுவாய்க்கு வரும் துண்டைக் கையில் எடுத்து இரண்டை ஒன்றோடொன்று அழுத்துங்கள். ஒட்டிக்கொண்டால் மெஷினில் கை வைக்கவே வேண்டாம், முன்னால் காத்திருக்கும் நேரத்தைக் குறையுங்கள்.

## அறிகுறி 3: எல்லாப் பெட்டியும் ஒரே அளவு பிசகு

### செக்வேயர் சரியென்கிறது, பிரித்தால் மீன் 2, 3 கிராம் குறைவு

அட்டைப்பெட்டி. கார்த்திகை தொடங்கி தை வரை, வாடையும் மழையுமாக இருக்கும் காலத்தில் அட்டை ஈரம் குடிக்கும். 40 கிராம் பெட்டி சில கிராம் கனப்பது பெரிய விஷயமில்லை. செக்வேயரில் காலிப்பெட்டி எடை வெயில்காலத்தில் போட்ட எண்ணிலேயே நின்றால், அந்தக் கிராமை அது மீன் என்று கணக்கெடுக்கும். இந்தக் கடற்கரையில் எடைக் குறைவு முறைப்பாட்டுக்குக் காரணம் தேடினால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஓடப்போகும் கட்டிலிருந்தே 10 காலிப்பெட்டி எடுத்து நிறுத்து, சராசரியைச் செக்வேயரில் போடுங்கள். காலையில் ஒரு தடவை, புதுக்கட்டு பிரிக்கும்போதெல்லாம் ஒரு தடவை. அட்டைக் கட்டைக் கூடத்துக்குள் திறந்து வைக்காமல், அந்த வேளைக்குத் தேவையானதை மட்டும் பிரியுங்கள்.

துண்டுக்குப் பனிப்பூச்சுக் கொடுப்பவர்களுக்கு இன்னொன்று: பெட்டியில் எழுதும் நிகர எடையில் பனிப்பூச்சு சேராது. மீன் குறைகிறதா என்று பார்க்கும்போது பூச்சைக் கரைத்து, வடியவிட்டு நிறுங்கள்.

### பலதலைத் தராசே ஒரு பக்கம் விலகுகிறது

ஒவ்வொரு வாளியிலும் 200 கிராம் படிக்கல்லை வைத்து, 10 தலையின் எண்ணையும் எழுதுங்கள். எம் 1 வகுப்பு, துருப்பிடிக்காத படிக்கல் வேண்டும். அந்த வகுப்பில் 200 கிராமுக்கு 10 மில்லிகிராம், 500 கிராமுக்கு 25 மில்லிகிராம் பிழைதான் அனுமதி. கடை இரும்புப் படியில் உப்புக்காற்று துரு ஏற்றியிருக்கும். அதை வைத்துத் திருத்துவதைவிடத் திருத்தாமல் விடுவது நல்லது.

- ஒரு தலை மட்டும் விலகினால் அறிகுறி 1 க்குத் திரும்புங்கள்.
- 10 தலையும் ஒரே வீதத்தில் குறைவாகக் காட்டினால், மெஷின் எங்கே அளவுதிருத்தம் செய்யப்பட்டது என்று பாருங்கள். புவியீர்ப்பு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஐரோப்பாவின் வடபாதியில் திருத்திய மெஷினை இறக்கி அப்படியே ஓட்டினால், இங்கே 500 கிராமை ஏறத்தாழ 498.5 என்று காட்டும். அதாவது ஒவ்வொரு பெட்டிக்கும் ஒன்றரைக் கிராம் மீன் சும்மா போகும். பாவித்த மெஷின் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

அளவுதிருத்தத் திரையின் மறைகுறி உங்களிடம் இருந்தாலும், முத்திரையிட்ட தராசை நீங்களே திருத்தாதீர்கள். முத்திரை உடைந்தால் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் மாவட்ட அலுவலர் மறுபடி பார்த்து முத்திரையிட்ட பிறகே அதை வியாபாரத்துக்குப் பாவிக்கலாம். 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் இதற்குரியது. ரெக்னீஷியனையும் அலுவலரையும் ஒரே நாளில் வர ஒழுங்கு செய்தால் ஒரு நாள் மிச்சம்.

## அறிகுறி 4: சேர்க்கை கிடைக்காமல் மெஷின் காத்து நிற்கிறது

10 தலையும் நிறைந்திருந்தால் மெஷினுக்கு 1023 சேர்க்கை பார்க்கக் கிடைக்கும். மூன்று தலை நின்றுவிட்டால் 127 தான். ஆகவே முதற்கேள்வி: எத்தனை தலை உண்மையில் வேலை செய்கிறது?

சில தலைகள் எப்போதும் காலி. நடுக் கூம்பு மட்டத்தில் இருக்கிறதா? கூம்பின் மேல் துண்டு ஒரு பக்கமாகவே விழுகிறதா? ஏற்றும் பெல்ட்டின் வாயை நடுவுக்கு நகர்த்தினாலே பல நேரம் சரி. பிறகு அந்தத் தலையின் அதிர்வுத் தட்டைத் தொட்டுப் பாருங்கள். மற்றவற்றைவிட மெல்ல அதிர்ந்தால் தகட்டு வில்லின் ஆணி தளர்ந்திருக்கும் அல்லது வில் வெடித்திருக்கும். 'டக் டக்' என்று அடித்தால் காந்தத்துக்கும் ஆமேச்சருக்கும் (அது இழுக்கும் இரும்புத் துண்டு) இடைவெளி போதாது.

சில தலைகள் எப்போதும் அளவுக்கு மேல். துண்டுகள் ஒட்டி இரண்டு மூன்றாக விழுகின்றன (அறிகுறி 2 இன் நாலாவது), அல்லது ஊட்டும் நேரம் கூடிவிட்டது. 500 கிராமுக்கு நாலு தலை சேர்வதென்றால் ஒரு தலைக்கு 125 அளவு. அதிர்வு நேரத்தை அந்தத் தலைக்கு மட்டும் குறையுங்கள். எல்லாத் தலைக்கும் சேர்த்துக் குறைத்தால் காலித் தலைகள் கூடும்.

எல்லாம் நிறைந்திருக்கிறது, ஆனாலும் சேரவில்லை. இது மீன் பக்கத்துக் கோளாறு. அறுக்குளாவின் நடுத்துண்டு 90 என்றால் வால்துண்டு 60 தான். ஒரு தட்டு முழுக்க நடுத்துண்டாகக் கொட்டிவிட்டு, பிறகு வாலாகக் கொட்டினால் எந்த மெஷினாலும் ஒன்றும் செய்ய ஏலாது. வெட்டும் மேசையிலேயே கலந்து அனுப்பச் சொல்லுங்கள். வெட்டுத் தடிப்பையும் அளந்து பாருங்கள்: 15 மில்லிமீற்றர் 17 ஆனால் 80 கிராம் துண்டு 90 ஐத் தாண்டும். அலகு மழுங்கியதாலும் இது நடக்கும். ஒரு துண்டு பெட்டி எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால், அதற்குப் பலதலைத் தராசு பொருத்தமே இல்லை. கையால் கட்டுவது மலிவு.

## அறிகுறி 5: குறையவில்லை, ஆனால் மீன் கரைகிறது

சராசரி 506 என்றால் 10,000 பெட்டியில் 60 கிலோ அறுக்குளா விலையில்லாமல் போகிறது. எவரும் முறைப்பாடு செய்யாத கோளாறு என்பதால் மாதக்கணக்கில் ஓடும்.

பார்க்கும் ஒழுங்கு: மேல் எல்லை. சேர்க்கை கிடைக்கவில்லை என்று எவரோ ஒருநாள் 520 க்கு ஏற்றிவிட்டு இறக்காமல் போயிருப்பார். பிறகு வேலை செய்யும் தலைகளின் எண்ணிக்கை. பிறகு துண்டின் அளவு (இரண்டும் அறிகுறி 4). கீழ் எல்லையைக் குறைப்பது கடைசி. சர்வதேச சட்ட அளவியல் அமைப்பின் ஆர் 87 பரிந்துரைப்படி 500 கிராம் பொதி ஒன்று தனியாக 15 கிராம் வரை குறையலாம். ஆனால் தொகுதியின் சராசரி 500 க்குக் கீழே போகக் கூடாது. உங்கள் பொதிக்கு எந்த விதி பொருந்தும் என்பதை உள்ளூர்ச் சந்தைக்கு மாவட்ட அலுவலரிடமும், ஏற்றுமதிக்கு வாங்குபவரிடமும் எழுத்தில் வாங்காமல் அந்த எல்லையைத் தொடாதீர்கள்.

## அறிகுறி 6: நல்ல பெட்டி தள்ளப்படுகிறது, குறைந்த பெட்டி போய்விடுகிறது

மூன்று சோதனைப் பெட்டி செய்து ஒட்டி வையுங்கள்: ஒன்று குறைவு, ஒன்று சரி, ஒன்று அதிகம். ஒவ்வொன்றையும் ஐந்து தடவை ஓட்டுங்கள்.

எடை சரி, தள்ளியது வேறு பெட்டியை. கண் சென்சரையும் எதிரே உள்ள பிரதிபலிப்பானையும் நல்ல தண்ணீரில் நனைத்த மென்துணியால் துடையுங்கள். குளிர்ந்த பெட்டியின் ஆவியும் உப்புப் படலமும் சேர்ந்து அதை மறைக்கும். ஸ்பிரிட் வேண்டாம், பிளாஸ்டிக் வில்லை மங்கிப்போகும். பிறகு பெல்ட் வழுக்குகிறதா என்று பாருங்கள். கண்ணிலிருந்து தள்ளுகோலுக்கு 600 மில்லிமீற்றர், பெல்ட் செக்கனுக்கு 500 என்றால் பெட்டி 1.2 செக்கனில் அங்கே இருக்க வேண்டும். பெல்ட் 5 வீதம் வழுக்கினால் அது 30 மில்லிமீற்றர் பின்னால் நிற்கும், கோல் அதன் முன்மூலையில் தட்டும். பெல்ட்டை இறுக்குங்கள், நேர அமைப்பை மாற்றி வழுக்கலை மூடி மறைக்காதீர்கள்.

தள்ளுகோல் பிந்துகிறது, பலமில்லை. காற்றழுத்தம் 5 முதல் 6 பார் வரை இருக்க வேண்டும். கோல் அடிக்கும் கணத்தில் மானியைப் பாருங்கள்: 4 க்குக் கீழே விழுந்தால் வடிகட்டி அடைத்திருக்கிறது அல்லது பைப் ஒடுக்கம். கொம்பிரசர் தொட்டியின் தண்ணீரைத் தினமும் திறந்துவிடுங்கள். மழைக்காலத்தில் காலை மாலை இரண்டு தடவை.

எடையே தவறாக வாசிக்கிறது. இரண்டு பெட்டி ஒரே நேரத்தில் தட்டில் நிற்கிறதா? தட்டு 400, பெட்டி 200, வேகம் செக்கனுக்கு 500 மில்லிமீற்றர் என்றால் பெட்டி முழுவதுமாகத் தட்டில் இருப்பது 0.4 செக்கன்தான். ஒரு பெட்டியின் முன்விளிம்பிலிருந்து அடுத்ததின் முன்விளிம்புக்கு 400 க்கு மேல் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 60 பெட்டியில் அது 500 ஆக வரும், தாராளம். 75 இல் மிச்சமே இல்லை.

## அறிகுறி 7: கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்தால் மட்டும்

பழைய மெஷின்களில் அதிர்வுத் தட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸோடு நேரே ஒத்திசைந்து ஆடும். ஊஞ்சலைப் பிழையான நேரத்தில் தள்ளினால் எப்படியோ அப்படித்தான் 48 ஹேர்ட்ஸும்: தட்டு சோர்ந்து, எல்லாத் தலையும் குறைவாக ஊட்டும். மல்டிமீற்றரை ஹேர்ட்ஸில் வைத்து, குளிரறைக் கொம்பிரசர் தொடங்கும் கணத்தில் பாருங்கள். 49.5 க்குக் கீழே விழுந்து நின்றால் ஜெனரேட்டர்காரரை அழைத்து வேகக் கட்டுப்படுத்தியைச் சரிசெய்யச் சொல்லுங்கள். அதுவரை கொம்பிரசர் தொடங்கும்போது பொதி செய்வதை நிறுத்திப் பிடியுங்கள். ஊட்டும் நேரத்தைக் கூட்டி வைத்தால் மின்சார சபைக் கரண்ட் திரும்பி வந்ததும் எல்லா வாளியும் வழியும்.

எண் துள்ளினால் பூமித்தொடுப்பு. நடுநிலை (நியூட்ரல்) வயருக்கும் பூமிக்கும் இடையே வோல்ட் அளந்து பாருங்கள். சபைக் கரண்டில் ஒரு வோல்ட் அளவில் இருந்து, ஜெனரேட்டரில் பல வோல்ட் என்றால் மாற்றும் சுவிட்சுக்குப் பின்னால் பூமித்தொடுப்பு விட்டுப்போயிருக்கிறது. இதை மின்னியலாளர் மட்டும் தொடட்டும். எடையைவிட ஆட்களின் உயிருக்கு இது ஆபத்து.

ஒவ்வொரு கரண்ட் தடைக்குப் பின்னும் அமைப்புகள் அழிந்தால் பலகையிலுள்ள நாணயப் பட்டரியைப் பாருங்கள். மாற்றமுன் எல்லாத் திரைகளையும் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

## கொழும்பிலிருந்து ஆள் வருவதற்கு முன்

லோட் செல் மாற்றுவது, பலகை, வெல்டிங்குக்குப் பின்னான கோளாறு, முத்திரை உடைக்கும் அளவுதிருத்தம்: இந்த நாலுக்கும் ரெக்னீஷியன் வேண்டும். திருகோணமலைக்கு 260 கிலோமீற்றர் ஓடி வருபவர் தவறான பாகத்தோடு வந்தால் இன்னொரு கிழமை போகும். ஆகையால் அழைக்கும்போதே இவற்றை அனுப்புங்கள்: மெஷின் தகட்டின் படம், பழுதான செல்லின் மேல் எழுதியுள்ள கொள்திறனும் தொடர் இலக்கமும், 20 பெட்டி எழுதிய தாள், வாளியும் இணைப்பியும் மாற்றிப் பார்த்தபோது பிழை எங்கே போனது என்ற ஒரு வரி, பிழைத் திரையின் வீடியோ. செல்லைக் கழற்றியே ஆகவேண்டும் என்றால் அந்தத் தலையைத் திரையில் நிறுத்திவிட்டு 9 தலையில் ஓட்டலாம். மேல் எல்லையை மட்டும் ஏற்றாதீர்கள். வேகம் குறைந்தால் குறையட்டும்.